முதலாளியம்மா நலம்

“முதலாளியம்மா செத்துப்போனதை உங்கம்மாகிட்டச் சொல்லிடட்டுமா?” கிசுகிசுத்தார் பல் டாக்டர்.

“வாயைத் திறந்தீங்க, கல்யாணமே கிடையாது” என்றாள் காதலி.

அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மூடிக்கொண்டு தொட்டியைப் பார்த்தார்.

கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இருந்தது அந்தத் தொட்டி. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள். அதட்டித் திரியும் பெரிய பெண் மீன் முதலாளியம்மா. பின்னாலேயே பம்மிக்கொண்டு போகும் சின்ன ஆண் மீன் கணக்குப்பிள்ளை. பெயர் வைத்தவர் காதலியின் அம்மா. மீன்களின் மூளையை ஆராய்வதுதான் அவர் வேலை.

“நான் வெளிநாடு போய்ட்டு வர்ற வரைக்கும் இதுங்களைப் பத்திரமா வச்சிருங்க தம்பி. அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்” என்று ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் விமானம் ஏறிய சில நாட்களிலேயே முதலாளியம்மா செத்து மிதந்தது. டாக்டர் பதறிப்போய்க் காதலிக்குப் போன் செய்தார். காதலி அசரவே இல்லை.

“இருக்கறதிலேயே சின்ன மீனா ஒண்ணு வாங்கி விடுங்க. அம்மா வர்றதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்” என்றாள் போனில்.

பெரிய மீனுக்குப் பதில் சின்னதா என்று குழம்பினாலும் வாங்கி விட்டார். சில மாதங்களில் இரண்டில் ஒன்று பெரிதாகி அதட்ட ஆரம்பித்தது. வாங்கியதுதான் வளர்ந்துவிட்டது என்று நிம்மதியானார்.

இன்று அம்மா வந்துவிட்டார். தொட்டியருகே குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

“முதலாளியம்மா நல்லா இருக்கு ஆன்ட்டி” என்று ஆரம்பித்த டாக்டருக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. “இல்ல ஆன்ட்டி, அது செத்துப்போச்சு. இது கடையில வாங்கின மீன்.”

காதலி தலையில் அடித்துக்கொண்டாள்.

“கடையில வாங்கினதா? இடது பக்கம் வெள்ளைப் பட்டை அறுந்திருக்கு பாருங்க. இது நம்ம கணக்குப்பிள்ளை” என்றார் அம்மா. “அதட்ட ஆள் இல்லன்னு தெரிஞ்சதும் மூளையில இருக்கற செல்லுங்க ஹார்மோனைச் சுரந்து, அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்பும். கொஞ்ச நாள்ல ஆணே பெண்ணாயிடும். நீங்க வாங்கினது, இதோ பம்முதே, அது.”

“அப்ப, செத்த முதலாளியம்மா?”

“அதுவும் முன்னாடி கணக்குப்பிள்ளையா இருந்ததுதான். போன வருஷம் நான் ஊர்ல இல்லாதப்ப, இவ பொறுப்புல இருந்த முதலாளியம்மாவும் செத்துப்போச்சு.”

காதலி சுவரில் மாட்டியிருந்த பல் படத்தை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

அம்மா டாக்டர் பக்கம் திரும்பினார்.

“இவ இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டச் சொல்லல. இவளைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா, மாப்பிள்ளை?”