பதினைந்து நிமிட விருந்தாளி

சொந்த வீட்டில் பதினைந்து நிமிடம் விருந்தாளியைப் போல நடந்துகொள்ள வேண்டும். வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். சமூகவியல் வகுப்பில் இருநூறு பேருக்கும் இதுதான் வீட்டுப்பாடம். பெரும்பாலும் திட்டுதான் விழும், அதையும் விடாமல் எழுதுங்கள் என்று சிரித்தார் பேராசிரியர்.

ரெஜினா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே அப்பா டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உள்ள வரலாங்களா?"

அவர் நிமிர்ந்து அவளையும் அவள் கையிலிருந்த நோட்டையும் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி எடுத்தார்.

"வாங்க. உக்காருங்க."

அலமாரியிலிருந்து பூப்போட்ட கண்ணாடி டம்ளரை இறக்கி, கழுவித் தண்ணீர் கொடுத்தார். அதில் அவள் இதுவரை குடித்ததே இல்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், "உங்களுக்குப் பிள்ளைங்க?" என்றாள்.

"ஒரே பொண்ணு. யுனிவர்சிட்டில சமூகவியல் படிக்குது." திருகாணிகளைத் தட்டில் பொறுக்கிப் போட்டார். "யாராவது கேட்டா பெரிய படிப்புன்னு சொல்லிடுவேன். அப்படின்னா என்னன்னு அதுகிட்டயே கேக்கணும்னு ரெண்டு வருஷமா நெனைக்கிறேன். இதுகூடத் தெரியலையான்னு நெனைச்சுக்குமோன்னு ஒரு கூச்சம்."

நோட்டு எழுதப்படாமல் மடியில் கிடந்தது. பதினைந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

"உங்க பொண்ணு வர்ற வரைக்கும் நான் இருக்கலாமா?"

"தாராளமா இருங்க." ஃபேனைப் பூட்டி அவள் பக்கம் திருப்பி வைத்தார். "வர்ற நேரந்தான்."