நிழல் பக்கத்துப் பனி

ராக்னாவின் இடது கால் தொடைவரை உள்ளே போனது.

மேலே பனி, அடியில் ஓடை. உருகிய தண்ணீர் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. பிர்ச் மரத்தைப் பிடித்து, பல்லைக் கடித்து, காலை உருவினாள். நல்லவேளை, பூட்ஸும் கூடவே வந்தது.

விடியற்காலையில் கிளம்பியிருந்தால் இந்தப் பாடு இல்லை. அப்போது பனியின் மேல் பொருக்கு கட்டியிருக்கும், ஆளைத் தாங்கும். ஆனால் கணவர் ஹல்வார் வீட்டைவிட்டுப் போகும்வரை அவள் தூங்குகிறவளைப் போலக் கிடக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் இந்த மலைச்சரிவில்தான் பனி மொத்தமாகப் பெயர்ந்து வந்து அவர்கள் மகன் சிந்த்ரேயைக் கொண்டுபோனது. அவன் பனிச்சறுக்குக் கட்டைகளில் ஒன்று மட்டும் கிடைத்தது. நாய்களோடு தேட வந்தவர்கள் சில நாள் நீளக் கம்பிகளால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, இனிப் பனி உருகட்டும் என்று இறங்கிப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. உருகட்டும். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து, தலை துவட்டி, சட்டை மாற்றி, தேவாலயத்து மண்ணில் படுக்க வைக்க வேண்டும். அழுவதெல்லாம் அதற்குப் பிறகு.

தினமும் ஹல்வார்தான் ஏறிப் போய்ப் பார்த்து வந்தார். இடுப்புவரை நனைந்து வருவார். காபிக்குக் கையை நீட்டிக்கொண்டே தினமும் ஒரே பதில்.

"இன்னும் வீட்டு உசரம் கெடக்கு. அந்த முட்டிய வச்சுக்கிட்டு நீயும் வந்தேன்னா, உன்னையும் சேத்துல்ல தேடணும், கெழவி."

நேற்று கூட்டுறவுக் கடையில் பக்கத்துப் பண்ணை ஒட்னி, ரொட்டியைப் பைக்குள் திணித்தபடி கேட்டாள்:

"அந்தச் சரிவுல புல்லே தெரியுது. உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணுல புரை கிரை விழுந்துருச்சா?"

ராக்னா கடைசி மேட்டில் ஏறி நின்றாள்.

ஒட்னி சொன்னது பொய்யில்லை. சரிவு முழுக்கக் கறுத்த ஈரமண். போன வருடத்துப் புல் படிந்து கிடந்தது. பாறைகள் எல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தன. கீழே, மலைகளுக்கு நடுவே புகுந்த கடலான ஃபியோர்டின் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

ஓடைக்கரையில் ஓர் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

ஓர் ஆள் நீளம்.

பெரிய பாறையின் நிழல் பக்கத்திலிருந்து ஹல்வார் வந்தார். முதுகுப்பையை முன்னால் அணைத்துப் பிடித்திருந்தார். பை நிறையப் பனி. சிந்தாமல் நடந்து வந்து அந்த வெள்ளையின் மேல் கொட்டினார். பிறகு மண்டியிட்டு, கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார்.

நிமிர்ந்தபோது அவளைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"எப்போ?" என்றாள்.

"ஈஸ்டருக்கு முன்னாடியே கெடச்சுட்டான்." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "கீழ சொன்னா வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க, ராக்னா. அப்புறம் காலையில எந்திரிச்சு நான் எங்க போவேன்?"

அவள் இறங்கி வந்து அவருக்கு எதிரே மண்டியிட்டாள். முட்டி வலித்தது கூடத் தெரியவில்லை.

இத்தனை நாள் கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விரலால் விலக்கினால் போதும்.

உள்ளங்கையை அந்தப் பனியின் மேல் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். அடியில் அது கசியத் தொடங்கியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

ஹல்வார் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து பாறையின் நிழல் பக்கம் போனாள். கழுத்துச் சால்வையை அவிழ்த்துத் தரையில் விரித்தாள். திரும்பி வந்தபோது அதில் பனி குவிந்திருந்தது.

"பத்தாது," என்றாள். "மத்தியானம் வெயில் இன்னும் ஏறும்."