துண்டு உட்கார்ந்து வந்தது

கும்பகோணத்தில் ரயில் ஜன்னல் வழியாக வந்து விழுந்தது அந்தத் துண்டு. அகலமான சரிகைக் கரை, மடிப்புக் கலையாத வெள்ளை, ஒரு மூலையில் மட்டும் சின்னதாக ஒரு முடிச்சு. தியாகராசன் அதை எடுத்து எதிர் இருக்கையில் ஒழுங்காக விரித்து வைத்தார்.

"யாரோ பெரிய மனுஷன்" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

பதினாறு வருஷமாகச் சீசன் டிக்கெட்டில் தஞ்சாவூர் ஆபீசுக்குப் போய்வருகிறவர் தியாகராசன். காலைப் பாசஞ்சரில் யார் காலை மடக்க வேண்டும், யார் பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதிலெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

கூட்டம் முண்டியடித்து ஏறி முடித்த பிறகு ஒரு கிழவர் கம்பியைப் பிடித்து ஏறினார். முழங்காலில் கட்டு, சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. நொண்டிக்கொண்டே வந்தவர் நேராகத் துண்டின் மேல் கை வைத்தார்.

"கைய எடுங்க! ஆள் வருதுல்ல?"

"இல்லைங்க, இது…"

"அது இதெல்லாம் வேணாம். துண்டு போட்டவங்களுக்குத்தான் சீட்டு. அதான் ரயில் மரியாதை. ஒங்க பேரு என்ன?"

"இராஜாங்கம்ங்க."

"நல்ல ராஜாங்கம்! டிக்கெட்டாவது எடுத்தீங்களா?"

"எடுத்திருக்கேங்க" என்ற கிழவரின் பார்வை துண்டை விட்டு நகரவில்லை.

தாராசுரம் தாண்டியது. துணிக்கடை வேலைக்குப் போகும் மலர்க்கொடிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், துண்டு சொகுசா உக்காந்து வருது, கால்ல கட்டுப் போட்ட மனுஷன் நிக்கிறாரு. அந்தப் பெரிய மனுஷன் வர்ற வரைக்கும் இவரு உக்காந்தா என்ன?"

"வந்து நின்னார்னா நீயா பதில் சொல்லுவ? டீ குடிச்சிட்டு வேற பொட்டில ஏறியிருப்பாரு. பாபநாசத்துல எறங்கி இங்க வருவாரு, பாரு."

பாபநாசத்தில் யாரும் வரவில்லை. அய்யம்பேட்டையிலும் வரவில்லை. கிழவரின் முழங்கால் கட்டின் மேல் சிவப்பு கசிந்திருந்தது. வண்டி குலுங்கியபோதெல்லாம் தியாகராசன் கை நீட்டிப் பிடித்தார். துண்டு சரியாமல் இருப்பதற்காக.

தஞ்சாவூர் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். இராஜாங்கம் குனிந்து துண்டை எடுத்தார்.

தியாகராசன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "என்னய்யா, சீட்டுக் கெடைக்கலன்னு துண்டையே சுருட்டுறியா? போலீசக் கூப்புடுங்க சார் யாராவது!"

இறங்கப் போனவர்கள் நின்றார்கள். இராஜாங்கம் கையை உதறவில்லை. மற்றொரு கையாலும் பல்லாலும் துண்டின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே தஞ்சாவூருக்கு எடுத்த டிக்கெட்டும், நாலாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தன. ஆஸ்பத்திரிச் சீட்டை மலர்க்கொடி வாங்கிப் பிரித்து, அதில் இருந்த பெயரை உரக்கப் படித்தாள். "இராஜாங்கம், அறுபத்தெட்டு வயசு."

தியாகராசனின் பிடி தளர்ந்தது. "ஒங்க துண்டுதானா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, பெரியவரே?"

கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, கும்மோணத்துலயே இந்தக் கையப் புடிச்சிருப்பீங்க."