இரண்டு வரிசை

டாக்டர் சபாபதி மூன்றாவது முறையாக எழுந்து ஜன்னலோரம் போனார். மேகம் விலகினால்தான் மைக்ராஸ்கோப்புக்கு வெளிச்சம் கிடைக்கும்.

விலகியது. விரைந்து வந்து உட்கார்ந்தார்.

ஸ்லைடில் இருந்தது மாகறல் அப்பாதுரையின் புராஸ்டேட் சதை. இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோய் என்று சொல்லி, சென்னையில் ஏழு வாரம் கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். இப்போது சிறுநீர் மறுபடி அடைக்கிறது. நோய் திரும்பிவிட்டதா என்று சபாபதிதான் சொல்ல வேண்டும்.

கதிர் பட்டால் நல்ல செல்லும் புற்றுச் செல்லைப் போலவே வீங்கிக் கறுத்துவிடும். அவர் நம்பியது ஒரே ஓர் அடையாளத்தைத்தான். நல்ல சுரப்பியைச் சுற்றி இரண்டு வரிசை செல்கள் இருக்கும். புற்றில் வெளிவரிசை இருக்காது.

ஒவ்வொன்றாக நகர்த்தினார். இரண்டு. இரண்டு. இங்கேயும் இரண்டு.

நிம்மதி வரவில்லை. நாலு புற்றுச் செல் எங்காவது ஒளிந்திருந்தால்? பழைய புற்று எப்படி இருந்தது என்று தெரிந்தால் தேடலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் தான் பார்த்த பழைய ஸ்லைடை அலமாரியிலிருந்து எடுத்துவரும்போது கதவிடுக்கில் அவர்கள் தெரிந்தார்கள். அப்பாதுரை உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். மகள் காந்தா இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள்.

பழைய ஸ்லைடில் பொடிப்பொடியாக நெருங்கிய சுரப்பிகள். பார்த்தால் புற்றுதான்.

பெரிய லென்ஸைத் திருப்பினார்.

திருகின் மேல் விரல் அப்படியே நின்றது.

நசுங்கி, நூலாக மெலிந்து, இருந்தது. வெளிவரிசை. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். எழுந்தார். உட்கார்ந்தார்.

புதிய ரிப்போர்ட்டில் 'புற்று இல்லை' என்று எழுதினார். இதைக் கொடுத்தால் போதும். பொய்யும் இல்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

தாளோடு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"புத்து இல்லைங்க."

அப்பாதுரை சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

காந்தாதான் கேட்டாள். "மெட்ராஸ்ல கரண்டு வெச்சதுல போயிடுச்சா டாக்டர்?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"இல்லம்மா. முன்னயும் இல்ல. நான்தான் இருக்குதுன்னு தப்பா எழுதிட்டேன்."

அப்பாதுரைக்கு 'இல்லை' மட்டும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். அழுகையோடு சிரித்து, டாக்டர் காலைத் தொடக் குனிந்தார்.

காந்தா அசையவில்லை. குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

"கண்ண மூடறதுக்குள்ள என் கல்யாணத்தப் பாத்துடணும்னு பத்தே நாள்ல என்னைக் கட்டிக் குடுத்தியேப்பா. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம்தான இருந்துச்சு."