இரண்டாவது பெயர்

“நாலு வயசுல மேனுஷா, ஜன்னல் வழியா வந்து குதிச்ச நாப்பது குரங்கையும் சம்மணம் போட்டு உட்கார வச்சு, கோப்பை கோப்பையாப் பால் ஊத்திக் குடுத்தாங்க மேடம்! ஒரு சொட்டுக்கூடச் சிந்தல!”

ஹல்துமுல்லை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, நௌபரின் தேநீர்க்கடையில் நின்று தனலெட்சுமி போனுக்குள் கத்தினாள். அந்தக் குரலுக்குப் போன் எதற்கு? மேனுஷா வேலைக்கு எழுதிப்போட்ட ஹோட்டல் இருக்கும் எல்ல ஊர் வரைக்கும் சும்மாவே கேட்டிருக்கும்.

மூலை பெஞ்சில் அழகையாவின் தேநீர் ஆறிக் கிடந்தது. அவர் வயிற்றில் எரிந்த எரிச்சலில் நௌபர் இன்னும் இரண்டு கேத்தல் வைத்திருக்கலாம்.

எல்லாம் மேனுஷாவின் பயோடேட்டாவால் வந்தது.

பயோடேட்டாவின் அடியில், நம்மைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல, சொந்தக்காரர் அல்லாத இருவருடைய பெயரும் போன் நம்பரும் போட வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் யார் எந்த வேலைக்கு எழுதினாலும் முதல் பெயர் ‘திரு. அழகையா, ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர்’ என்றுதான் இருக்கும். சூரியன் ஒருநாள் மறந்துபோய் மேற்கே உதித்தாலும் உதிக்கும், இது மாறாது.

“பேங்க்லருந்து கூப்பிட்டாங்க. ஒரு மணி நேரம் என்னைய விடல” என்று அவரும் அவ்வப்போது சொல்லிக்கொள்வார்.

இந்தப் பிள்ளையோ முதல் பெயராக, குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவைப் போட்டுவிட்டாள். தோட்டத்துக் குழந்தைகளுக்குப் பால்மா கரைத்த தனலெட்சுமி மேலே. பெரிய கிளாக்கர் கீழே!

தனலெட்சுமியின் பெயர் கொட்டை எழுத்தில் இருப்பதாகக்கூட அவருக்குப் பட்டது. இரண்டும் ஒரே அளவுதான்.

“பதவியப் பார்த்துப் போடாதீங்க, உங்கள நல்லாத் தெரிஞ்சவங்களப் போடுங்கன்னு பதுளையில வேலைக்கு எழுதச் சொல்லித் தர்ற கிளாஸ்ல சொன்னாங்க ஐயா” என்று மேனுஷா சொல்லித்தான் பார்த்தாள். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று.

தனலெட்சுமி போனை வைத்துவிட்டு, கடை முழுவதற்கும் கேட்கச் சொன்னாள். “கோவமா வர்ற வெள்ளைக்காரங்களப் பிள்ளை சமாளிக்குமான்னு கேட்டாங்க கிளாக்கரையா. குரங்கையே சமாளிச்சவன்னு சொன்னேன். மேடத்துக்குச் சிரிப்பு அடங்கல!”

“அம்புட்டும் பொய். அன்னைக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன். குரங்கும் வரல, குட்டியும் வரல.”

“ஆபீஸ்ல இருந்தவருக்கு எப்பிடிங்க தெரியும்?”

கடை சிரித்தது. தனலெட்சுமி பக்கத்தில் நின்ற மேனுஷா சிரிக்கவில்லை. வரவேற்பு மேசை வேலைக்கு நேர்முகப் பரீட்சை முடிந்து, இந்த விசாரிப்பு ஒன்றுதான் பாக்கி. துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டித் திரியாக்கியிருந்தாள்.

அப்போது அழகையாவின் சட்டைப் பையில் போன் அடித்தது.

இத்தனை வருடத்தில் இப்படியொரு அழைப்பு இதுதான் முதல் என்பது அவருக்கும் அந்தப் போனுக்கும் மட்டுமே தெரியும். கடை முழுவதும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“சேர், எல்ல ஹோட்டல் மேனேஜர் ஷிஹானா பேசுறேன். அந்தம்மா சொன்ன குரங்குக் கதை உண்மையா? அது பொய்யெண்டா, பயோடேட்டாவில இருக்கிற மத்ததை நான் எப்பிடி நம்புறது?”

கேத்தலில் கொதித்த தண்ணீர்கூடக் குமிழி விடாமல் நின்றது.

ஓர் ‘இல்லை’ போதும். தனலெட்சுமியின் சாயம் வெளுத்துவிடும். இனி ஒருத்தரும் அவள் பெயரை எங்கேயும் எழுத மாட்டார்கள். பிள்ளையின் வேலையும் அதோடு போய்விடும்.

தனலெட்சுமியைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

சொல்லச் சொல்லக் குரங்குகளைக் கூட்டிக்கொண்டே போனவள், ஒன்றை மட்டும் ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டே சொல்லியிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தொண்டையைச் செருமினார்.

“நடந்ததுங்க. நாப்பதா என்னான்னு எண்ணுற நிலைமையில நான் இல்ல.”

“நீங்க கண்ணால பார்த்தீங்களா, சேர்?”

“பிள்ளைக்காம்பராவுல பால்மா அலமாரி மேல ஏறி நின்னு பார்த்தேங்க. குரங்குக்கெல்லாம் குடுத்து முடிச்சிட்டு, பிள்ளை எக்கி நின்னு எனக்கும் ஒரு கோப்பை நீட்டுச்சு. வாங்கிக் குடிச்சேன்.”