பத்தாவது ஆட்டக்காரர்

முதல் இதழ் விழுந்ததைப் பார்த்தவன் வேலுச்சாமி ஒருவன்தான்.

ஷார்ஜாவின் அந்தப் பெரிய அரங்கத்தில் கோட்டும் வெள்ளை அரபு அங்கியான கந்தூராவுமாகக் கனவான்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஜாவா அரண்மனையிலிருந்து வந்த ஒன்பது பெண்களின் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அரங்கத்தைத் துடைக்கிற வேலுச்சாமி மட்டும் திரை ஓரத்தில் நின்று தரையைப் பார்த்தான். குப்பை பார்க்கிற கண் அவனுக்குக் கடவுள் கொடுத்தது. வேறெதுவும் பெரிதாகக் கொடுக்கவில்லை.

ரோஜா இதழ். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

அந்தப் பெண்கள் கட்டியிருந்த துணி பின்னால் நீளமாகத் தரையில் இழுபட்டது. குதிகாலால் அதை ஒதுக்கும்போதெல்லாம் மடிப்புக்குள்ளிருந்து பூ உதிர்ந்தது. எந்தப் புண்ணியவானோ துணியை உதறாமல் கட்டிவிட்டிருக்கிறான் என்று வேலுச்சாமி முடிவுகட்டினான். காலையில் ஒத்திகையின்போது பூவே இல்லை.

போன மாதம் இதே மேடையில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் சித்தப்பா ரோஜா இதழில் வழுக்கிக் கேக்கோடு விழுந்தார். அன்றைக்கே சூப்பர்வைசர் ஜாபர் சாதிக் சொல்லிவிட்டார்.

"இனிமே மேடையில ஒரு இதழ் கிடந்துச்சு, உன் லீவு மஃபி, கிடையவே கிடையாது. பார்த்துக்க."

லீவுதான் விஷயம். ஊரில் தங்கை நாகவள்ளியின் மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மடியோ ஷார்ஜாவில் இருந்தது. லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு தடவை தள்ளிப்போய், பிள்ளை இப்போது மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போகிறது. இந்தத் தடவை வியாழக்கிழமை விமானம், ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து.

மேடையில் எல்லோரும் வெறுங்கால். ஒருத்தி வழுக்கினால் போதும், இந்தத் தடவையும் போச்சு.

வேலுச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு, குப்பைத் தட்டோடு மேடை ஏறினான்.

ஏறிய பிறகுதான் மூளை வேலை செய்தது. பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னதற்கே காய்ச்சல் வந்து படுத்தவன் அவன். திரும்பி ஓடலாம் என்றால் அந்த ஆட்டத்தில் ஓடுகிற ஆளே கிடையாது. ஒரு கையைத் தூக்கி இறக்குவதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நிதானம். ஓடினால்தானே தெரியும்? அவனும் மெதுவாக நடந்தான். மெதுவாகக் குனிந்தான். ஓர் இதழை எடுத்துத் தட்டில் வைத்தான். அவன் நேரம், அப்போது பார்த்துத்தான் வாத்தியக்காரர் பெரிய வெண்கலத் தட்டைத் தொம்மென்று அடித்தார்.

ஒன்பது பெண்களும் தாழ்த்திய கண்ணை உயர்த்தவில்லை. பயிற்சி அப்படி. அவனை ஒதுங்கி, சுற்றிக்கொண்டு ஆடினார்கள்.

திரை ஓரத்தில் ஜாபர் சாதிக் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் முடிந்ததும் தலைமை விருந்தினர் மைக்கைப் பிடித்தார். நடனம் அழகு, அதைவிட, சிந்திய பூவை ஒவ்வொன்றாக எடுத்த அந்த எளிய மனிதர்தான் தன் கண்ணை நனைத்துவிட்டார் என்றார். குழுவோடு வந்த அதிகாரி ஒரு கணம் விழித்தார். இரண்டு நாட்டு நட்பை வளர்க்க வந்தவர், விருந்தினரை மறுத்துப் பேசுவாரா? பழைய அரண்மனை வழக்கம் என்று தலையாட்டிவிட்டார்.

ஜாபர் சாதிக் வந்து சொன்னார்.

"பூவை அவங்களே மடிச்சு வைக்கிறாங்களாம்யா, ஆடும்போது சிந்தணும்னே. உன்னை என்ன பண்ண. வெள்ளிக்கிழமை ராஸ் அல் கைமால ஷோ. அந்தப் பெரிய ஆளு குடும்பத்தோட வர்றாராம். நீ கட்டாயம் மேடையில இருக்கணும்னு கேட்டிருக்காங்க. லீவெல்லாம் அப்புறம். கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றி வேலுச்சாமி கேள்விப்பட்டிருக்கிறான். கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தான். சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு தங்கைக்குப் போன் போட்டான்.

"லீவு இல்லைம்மா. வெள்ளிக்கிழமை எனக்கு டான்ஸ் இருக்கு. ஜாவாக்காரங்களோட. நான் இல்லாம நடக்காதாம்."

அரங்கம் முழுக்க நம்பிய ஆட்டம் நாகவள்ளியிடம் எடுபடவில்லை.

"அண்ணே, லீவு கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லிடு. போன ரெண்டு தடவையும் நீ பயந்துக்கிட்டு வாயே திறக்கலேன்னு எனக்குத் தெரியும். நான் ஏதாச்சும் சொன்னேனா?"

இந்த ஒரு தடவைதான் வேலுச்சாமி வாய் திறந்து லீவு கேட்டிருந்தான்.