அழுத பத்திரம்

"அறிவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உனக்கு? எவ்வளவு நேரமா ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

தைரியராஜ் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் ரோசரி. நல்லவேளை, திட்டு மகன் பிரவீன்ராஜுக்கு இல்லை. மேஜையில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டுக்கு.

"மன்னிக்கவும். 'அழுத பத்திரம்' என்ற பெயரில் எந்த ஆவணமும் இல்லை. வேறு பெயர் சொல்லுங்கள்" என்றது அது, எத்தனையாவது தடவையாகவோ. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிறவி.

சோபாவில் வீடு வாங்க வந்த கலீம் உட்கார்ந்திருந்தார். ராத்திரி அவருக்கு மஸ்கட் ஃப்ளைட். "பத்திரத்தோட காப்பியை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டாப் போதும் சார். இப்பவே அட்வான்ஸ் குடுத்துடறேன்" என்றார். அசல் பத்திரம் பேங்க் லாக்கரில். இன்று ஞாயிற்றுக்கிழமை.

வீட்டுப் பேப்பர்களையெல்லாம் ஸ்கேன் செய்த கடைக்காரர் எல்லாவற்றுக்கும் வெறும் நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்படியே அவர் ஒழுங்கான பெயர் போட்டிருந்தாலும் இந்த வீட்டில் யாருக்குப் புரிந்திருக்கும்? ரோசரியின் பித்தப்பை ரிப்போர்ட்டுக்கு இங்கே 'கல்லு ஃபைல்' என்று பெயர். பிரவீன்ராஜ் கணக்கில் கோட்டை விட்டது 'மானம் போன மார்க் ஷீட்'.

கைக்குழந்தை பிரவீன்ராஜ் ரிஜிஸ்டர் ஆபீஸே அதிரும்படி காலையிலிருந்து சாயங்காலம் வரை அழுது தீர்த்த நாளில் பதிவானது இந்தத் திருவெறும்பூர் வீடு. அதனால் அது அழுத பத்திரம். போன மாதம் பிரவீன்ராஜ் டேப்லெட் வாங்கிக் கொடுத்ததும், தைரியராஜ்தான் ஒவ்வொரு நம்பருக்கும் வீட்டில் வழங்கும் பெயரைச் சொல்லிச் சொல்லி அதற்குப் பழக்கினார்.

"கிரயப் பத்திரம்னு கேட்டுப் பாருங்களேன்" என்றார் கலீம்.

"கேட்டாச்சு சார். கையால எழுதின பழைய பத்திரம். அந்த எழுத்தை இதால படிக்க முடியல" என்ற பிரவீன்ராஜ் டேப்லெட்டை இழுத்தான். "கல்லு ஃபைல் எடு."

மறு நொடி ரோசரியின் வயிற்று ஸ்கேன் பளிச்சென்று வந்து நின்றது. கலீம் நாகரிகமாக மின்விசிறியைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் வருதேப்பா! போன மாசம் இதுவும் டக்குனு வந்துச்சே" என்றான் பிரவீன்ராஜ்.

"அப்ப வந்துச்சு. இப்பக் கழுத்தை அறுக்குது. நான் என்ன பண்றது?"

"காலையில பூசைக்குக்கூட வராம இதோடதானே உட்கார்ந்திருந்தீங்க. அப்பவே எடுத்து வச்சிருக்கக் கூடாதா?" என்றாள் ரோசரி.

"முட்டி வலின்னுதானே வரல. சும்மா ஏதோ பேசிக்கிட்டு இருந்தேன்."

பிரவீன்ராஜ் நூற்றுக்கணக்கில் இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். கேஸ் பில், வரி ரசீது, யாருடையதோ கல்யாணப் பத்திரிகை. அவனுக்குக் கண் செருகியது. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் ரயில் ஏறியதிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை.

ரோசரிக்கு உதவி செய்யவும் மனமில்லை, உள்ளே போகவும் மனமில்லை. வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கே வந்துவிடுங்கள் என்று மகன் சொன்னதும், இந்த மனிதர் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டார். மகன் கேட்டு இல்லையென்று சொன்னதாக அவர் சரித்திரத்திலேயே கிடையாது. முப்பத்தைந்து வருஷம் குடியிருந்த வீடு அவருக்கு ஒன்றுமே இல்லையா? அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் சண்டை போடத் தெம்பில்லை.

கடைசியில் கலீம் எழுந்துவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். தென்னூர்ல ஒரு வீடு பார்த்து வச்சிருக்கேன். அவங்க பேப்பரைக் கையில வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. இன்னிக்கு விட்டா நான் அடுத்த வருஷம்தான் வருவேன்."

"உங்க மேல தப்பில்லீங்க. எல்லாம் இந்தச் சனியனால" என்று தைரியராஜ் டேப்லெட்டை முறைத்தார்.

சாயங்காலம் பிரவீன்ராஜும் பையைத் தூக்கினான். "மறுபடி முதல்லேர்ந்து ஆள் தேடணும். எனக்கு அடுத்து எப்ப லீவு கிடைக்கும்னே தெரியலப்பா" என்றான். "பார்த்துப் போயிட்டு வாப்பா" என்று ஆட்டோ வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார் தைரியராஜ். வந்த வேகத்தில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

காபி டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு ரோசரி மேஜையருகே வந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வலித்தது. டேப்லெட் இன்னும் அணையாமல் விழித்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருந்த பேரு. அது எங்கதான் போச்சு, அந்த அழுத பத்திரம்ங்கிற பேரு?" என்று அதனிடமே சலித்துக்கொண்டாள்.

அன்று முழுக்க அதனிடம் எல்லோரும் பத்திரத்தைத்தான் கேட்டார்கள். பெயர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

"'அழுத பத்திரம்' என்ற பெயரை இன்று காலை நீக்கச் சொன்னீர்கள். நீக்கிவிட்டேன். மறுபடி சேர்க்கட்டுமா?"

ரோசரி சட்டென்று திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

தைரியராஜ் கண்ணைத் திறக்கவில்லை.

"வேணாம்னு சொல்லு, ரோசரி."